உயர்ந்தது என்பதா, உயர்த்தினார்கள் என்பதா?

2024 ஜூன் 15, சனிக்கிழமை. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளிவந்து பதினொரு நாட்களே ஆகியிருந்தன. கர்நாடக நிதித்துறை ஓர் அறிவிக்கையின் வழியே பெட்ரோல் மீதான விற்பனை வரியை 25.92 விழுக்காட்டிலிருந்து 29.84 ஆகவும், டீசல் மீதான வரியை 14.34 விழுக்காட்டிலிருந்து 18.44 ஆகவும் மாற்றியது. பெங்களூருவில் பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ மூன்று ரூபாய் கூடியது. அன்று மாலை பங்க்குகளிலும் தேநீர்க் கடைகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் புழங்கிய வாக்கியம் ஒன்றுதான்: பெட்ரோல் விலை உயர்ந்துவிட்டது.

பள்ளி இலக்கணம் படித்த எவரும் இந்த வாக்கியத்தின் முன் ஒரு கணம் தயங்க வேண்டும். 'உயர்ந்தது' தன்வினை. 'உயர்த்தினார்கள்' பிறவினை. மழை பெய்கிறது, பயிர் வாடுகிறது, விலை உயர்கிறது என்று ஒரே மூச்சில் சொல்ல முடிவது, அவற்றுக்குச் செய்வோர் எவரும் இல்லை என்று நம்பும்போது மட்டுமே. கன்னடத்திலும் இதே வசதி உண்டு. 'ஏரு' என்பதோடு 'இசு' சேர்ந்தால்தான் 'ஏரிசு' என்ற பிறவினை பிறக்கும். தெருவில் ஒலிக்கும் முழக்கமோ 'பெலெ ஏரிகெ' என்ற பெயர்ச்சொல். விலை உயர்வு. அதில் ஏற்றியவரைத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

சொல்லாராய்ச்சி பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. எரிபொருள் வரிக்கு எதிரான போராட்டங்கள் ஏன் தொடர்ந்து தோற்கின்றன என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. மக்கள் விலைக்கு எதிராகத் திரள்கிறார்கள். அரசுகளோ, பெரும்பாலும், விலை அசையாத நாட்களில் வரியைக் கூட்டுகின்றன.

வரலாறு இதற்குச் சான்று. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே ஒன்றிய அரசு கலால் தீர்வையை ஒன்பது முறை உயர்த்தியது. பெட்ரோலுக்கு மொத்தம் 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. கச்சா எண்ணெய் சரிந்துகொண்டிருந்ததால் பங்க்கின் பலகையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. தெரு அமைதியாக இருந்தது. 2020 மார்ச் 23 அன்று நிதி மசோதா மக்களவையில் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது; எரிபொருள் மீதான சிறப்புக் கூடுதல் கலால் தீர்வையின் உச்சவரம்பு அதில்தான் உயர்த்தப்பட்டது. நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது மறுநாள். மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் ஏற்றப்பட்டன. உலகச் சந்தையில் எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்த காலம் அது. சில்லறை விலை மாறவில்லை. மக்களுக்கு வந்திருக்க வேண்டிய விலைக்குறைப்பு வழியிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டது. வராத ஒன்றைப் பறிகொடுத்ததற்காக எவரும் தெருவில் இறங்குவதில்லை. பெட்ரோலியப் பொருட்களிலிருந்து ஒன்றிய அரசுக்குக் கிடைத்த கலால் வருவாய் 2019-20இல் சுமார் 2.23 லட்சம் கோடி. வண்டிகள் முடங்கிக் கிடந்த 2020-21இல் அது சுமார் 3.73 லட்சம் கோடி.

கர்நாடகத்தின் கதை இன்னும் சுவையானது. 2018 ஜூலையில் முதலமைச்சர் குமாரசாமி தமது நிதிநிலை அறிக்கையில், விவசாயக் கடன் தள்ளுபடிக்கு நிதி வேண்டி, பெட்ரோல் வரியை 30 விழுக்காட்டிலிருந்து 32 ஆகவும் டீசல் வரியை 19இலிருந்து 21 ஆகவும் உயர்த்தினார். செப்டம்பர் 10 அன்று காங்கிரஸ் நாடு தழுவிய முழு அடைப்பு நடத்தியது. குமாரசாமியின் கூட்டணி அரசில் பங்கு வகித்த அதே காங்கிரஸ்! ஒரு வாரம் கழித்து மாநில அரசு லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்தது. போராட்டம் வென்றது என்றார்கள். 2019 ஜனவரி முதல் வாரத்தில், கச்சா எண்ணெய் மலிந்திருந்த வேளையில், வரி மீண்டும் அதே 32க்கும் அதே 21க்கும் திரும்பியது. வெற்றியின் ஆயுள் நான்கு மாதம்கூட இல்லை. விலைப்பலகை ஏற்கெனவே இறங்கியிருந்ததால், ஏறியதை யாரும் கவனிக்கவில்லை.

இந்த நாடகத்தில் மாட்டு வண்டிக்குத் தனி இடம் உண்டு. 1973 நவம்பரில், எரிபொருள் விலையைக் கண்டித்து அடல் பிகாரி வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் சென்றார். 2021 செப்டம்பரில் சித்தராமையாவும் டி.கே. சிவகுமாரும் மாட்டு வண்டியில் விதான சௌதாவுக்குச் சென்றார்கள். அதற்கு முன் ஜூனில், பல ஊர்களில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியபோது, சிவகுமார் தலைமையில் பங்க்குகளின் முன் நடந்த ஐந்து நாள் போராட்டத்துக்கு 'ஹண்ட்ரட் நாட் அவுட்' என்று கிரிக்கெட்டிலிருந்து பெயர் எடுத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் ஆட்சியில் இருந்தார்கள். 2024இல் வரியை ஏற்றியதும் அவர்களே. அப்போது தெருவில் இறங்கியது பா.ஜ.க. மாடுகள் மட்டும் கட்சி மாறவில்லை.

2021 நவம்பரில் வரி உண்மையாகவே குறைந்தது. அதற்கு வண்டிகள் காரணமா? நவம்பர் 2 அன்று இடைத்தேர்தல் முடிவுகள் வந்தன. முதலமைச்சர் பொம்மையின் சொந்த மாவட்டத்திலுள்ள ஹானகல் தொகுதியை ஆளுங்கட்சி இழந்தது. மறுநாள் ஒன்றிய அரசு பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்குப் பத்து ரூபாயும் குறைத்தது. உடனே மாநில அரசு தன் பங்குக்கு ஏழு ரூபாய் குறைத்தது. இந்த வரிசையைப் பார்த்தபின் வேறு விளக்கம் தேடுவோரின் அப்பாவித்தனம் வியப்புக்குரியது.

மாநிலம் ஏன் இந்த வரியைப் பற்றித் தொங்குகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2017 ஜூலைக்குப் பின் மாநிலங்களின் கையில் சுதந்திரமாக எஞ்சியிருக்கும் பெரிய விற்பனை வரிகள் எரிபொருளும் மதுவும்தான். மறுபுறம், ஒன்றிய அரசின் கலால் பெரும்பாலும் செஸ், சிறப்புக் கூடுதல் தீர்வை போன்ற பெயர்களில் வசூலாகிறது. செஸ்ஸையும் மேல்வரியையும் மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை என்று அரசமைப்பின் 270ஆம் பிரிவு சொல்கிறது. 2021இல் பெட்ரோல் மீதான கலால் 32 ரூபாய் 90 காசாக இருந்தபோது, பகிர்வுக்குரிய அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசு மட்டுமே. கூட்டாட்சி பற்றிய கருத்தரங்குகளில் இந்த 1 ரூபாய் 40 காசை விடச் சிறந்த தொடக்கவுரை இருக்க முடியாது.

இந்த அநீதியைச் சொல்லித்தான் 2024 பிப்ரவரி 7 அன்று கர்நாடக அமைச்சரவை டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தது. முழக்கம்: 'நன்ன தெரிகெ, நன்ன ஹக்கு'. என் வரி, என் உரிமை. கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்த 'என்' யாருடையது? தமிழில் பெயர்த்தால் 'எங்கள் வரி' என்பதா, 'நம் வரி' என்பதா என்று தேர்ந்தாக வேண்டும். முன்னிலையாரை உள்ளே சேர்ப்பதா வெளியே நிறுத்துவதா என்பதை இம்மொழி மறைக்க விடாது. டெல்லியில் 'நம்' என்று ஒலித்தது, நான்கு மாதம் கழித்துப் பங்க்கில் 'எங்கள்' ஆகிவிட்டது.

ஆகவே 2025இல் பெங்களூருவில் ஒருவர் வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டபோது இரு அரசுகளுக்கும் ஏறத்தாழச் சம அளவில் வரி செலுத்தினார். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு இரண்டு ரூபாய் ஏற்றியபின் கலால் 21 ரூபாய் 90 காசாக இருந்தது. (அப்போதும் பலகை அசையவில்லை, யாரும் பேசவில்லை.) மாநிலத்தின் 29.84 விழுக்காடு ஏறத்தாழ 23 ரூபாயாக இருந்தது. மாநில வரி, ஒன்றியத்தின் கலாலையும் உள்ளடக்கிய தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. டெல்லி ஏற்றினால் பெங்களூருவின் வருவாயும் வியர்வையின்றிக் கூடும். மேடையில் பகைவர்கள், கல்லாவில் பங்காளிகள்.

படித்தவர்கள் முன்வைக்கும் போராட்ட வழிகளைப் பார்ப்போம். ஒரு நாள் பெட்ரோல் வாங்காதீர்கள் என்று ஆண்டுதோறும் ஒரு வேண்டுகோள் சுற்றி வரும். திங்களன்று வாங்காதவர் ஞாயிறன்றோ செவ்வாயன்றோ வாங்குவார். அரசுக்கு ஒரு பைசா குறையாது. அடுத்தது, பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டு வா என்ற கோரிக்கை. மாநிலத்தின் கடைசி வரி அதிகாரங்களில் ஒன்றைத் தாமே தூக்கிக் கொடுக்கச் சொல்வது அது. மாநில உரிமை பேசும் நாவே அதையும் பேசுவது விந்தை.

மூன்றாவது வழி இன்னும் மோசமானது. 'இலவசங்களுக்காக எங்களைச் சுரண்டுகிறார்கள்' என்ற புலம்பல். சக்தி திட்டத்தில் பேருந்தில் கட்டணமின்றிப் பயணிக்கும் வீட்டு வேலைப் பெண்ணும் இந்த வரியைச் செலுத்துகிறார். ஓசூரிலிருந்து விடியலுக்கு முன் கிருஷ்ணராஜ மார்க்கெட்டுக்கு வரும் குட்டியானை வண்டியின் டீசலில் அது தொடங்கி, அவர் வாங்கும் தக்காளியில் முடிகிறது. உணவு விநியோகிக்கும் இளைஞர் தம் கைக்காசில் பெட்ரோல் போட்டுச் செலுத்துகிறார். பயணப்படியாகத் திரும்பப் பெறும் பேராசிரியரோ உண்மையில் செலுத்துவதே இல்லை. நலத்திட்டத்துக்கு எதிராகத் திரும்பும் வரி எதிர்ப்பு, அதிகம் செலுத்துகிறவரை எதிரியாக்கிக்கொள்கிறது. 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று அரசே சொன்னது. அடுத்த கோடையில் எரிபொருள் வரி ஏறியது. அதை 'இலவசம்' என்று அழைத்தவர் மிகச் சிலரே.

சூழலியல் அறிஞர்களின் மறுப்பு கேட்கத்தக்கது: எரிபொருள் விலை கூடினால்தான் மக்கள் பொதுப் போக்குவரத்துக்கு மாறுவார்கள். அப்படியானால் பொதுப் போக்குவரத்து மலிய வேண்டாமா? 2025 ஜனவரியில் கர்நாடக அரசுப் பேருந்துக் கட்டணம் 15 விழுக்காடு கூடியது. பிப்ரவரியில் நம்ம மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது; அதற்கும் ஒன்றியமும் மாநிலமும் ஒன்றையொன்று கைகாட்டின. ஏப்ரல் முதல் நாளில் டீசல் வரி 21.17 விழுக்காடாக உயர்ந்தது. வெளியேறும் கதவுகள் அனைத்தையும் சாத்திவிட்டு உள்ளிருப்பவரிடம் பசுமை வாதம் பேசுவது நேர்மையல்ல.

மெய்யான வலிமையோடு எழுந்தவர்கள் லாரிக்காரர்கள். டீசல் வரி, சுங்கக் கட்டணம், எல்லைச் சோதனைச் சாவடிகள் ஆகியவற்றை எதிர்த்து 2025 ஏப்ரல் 14 நள்ளிரவு முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களில் பேச்சுவார்த்தையோடு முடிந்தது. டீசல் வரி இறங்கவில்லை. அவர்களோடு நின்றிருக்க வேண்டிய பேருந்துப் பயணிகளும் விநியோக ஊழியர்களும் காய்கறி வியாபாரிகளும் நிற்கவில்லை. லாரி ஓடாவிட்டால் சரக்கு வராதே என்ற கவலைதான் நகரத்தில் பேசப்பட்டது. பிரான்சில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிக்காரர்கள் எழுந்தபோது, எரிபொருள் வரியையும் செல்வந்தர் மீதான சொத்து வரி நீக்கப்பட்டதையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துப் பேசினார்கள். வன்முறையும் இருந்தது, குழப்பமும் இருந்தது; ஆனால் எந்த வரி, யார் விதித்தது, யாருக்கு விலக்கு என்பதில் குழப்பமில்லை. ஜனவரியில் வரவிருந்த உயர்வு டிசம்பரிலேயே கைவிடப்பட்டது.

பெங்களூருவில் அது நடக்காது என்பதற்குக் காவல்துறையின் 2021ஆம் ஆண்டு உத்தரவும் ஒரு காரணம். போராட்டம் என்றால் ஃப்ரீடம் பார்க்குக்குள். பழைய மத்தியச் சிறையின் வளாகம் அது. மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் சென்ற வாஜ்பாய், நெருக்கடி நிலையின்போது அடைக்கப்பட்டிருந்த இடமும் அதுவே.

அந்தச் சுவர்களுக்குள் நின்றும் கேட்கக்கூடிய கோரிக்கைகள் இரண்டு உண்டு. ஓர் உணவகத்தில் இரண்டு இட்லி உண்டால், ரசீதில் மத்திய ஜி.எஸ்.டி. இவ்வளவு, மாநில ஜி.எஸ்.டி. இவ்வளவு என்று பிரித்து அச்சாகிறது. பங்க்கில் ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் அளவும் விலையும் மொத்தமும் மட்டுமே. ஒன்றியக் கலால், மாநில வரி, விற்பனையாளர் கழிவு ஆகியவை ஒவ்வொரு ரசீதிலும் தனித்தனியே அச்சாக வேண்டும். இரண்டாவது, விகிதத்தை உயர்த்தும் எந்த அறிவிக்கையும் சட்டமன்றத்தில் விவாதித்து வாக்கெடுக்கப்பட்ட பின்பே நடைமுறைக்கு வர வேண்டும். நாடாளுமன்றத்துக்கும் அதே விதி. கையை உயர்த்தி ஆம் என்றவர் யார் என்று பதிவாகட்டும். அப்போது 'உயர்த்தினார்கள்' என்ற வினைக்கு எழுவாய் கிடைத்துவிடும்.

இக்கோரிக்கைகளுக்கான கூட்டம், பெட்ரோல் விலை ஏறிய மறுநாள் கூடுவதில் பயனில்லை. கச்சா எண்ணெய் மலிந்து, பங்க்கின் பலகை வாரக்கணக்கில் அசையாமல் இருக்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை கூட வேண்டும். அன்று ஃப்ரீடம் பார்க்கில் இடம் கிடைப்பதும் எளிது. மாட்டு வண்டிகள் எதுவும் வாசலை அடைத்துக்கொண்டிருக்காது.