திறவுகோல் நிரலுக்குள் இருத்தல் தகாது

ஜாவா மொழியில் எழுதப்பட்ட நிரல் ஒன்றை, தொலைவில் மேகக் கணிமையில் இயங்கும் ஆவணத் தரவுத்தளத்துடன் இணைப்பது இக்காலத்தில் அரிய செயலன்று. கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு வகுப்பு நேரத்திலேயே இதனைச் செய்து முடித்தல் கூடும். ஆயினும், இதனைக் கற்பிக்கும் முறையில் ஒரு பெருங்குறை வேரூன்றி வருகிறது. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலின் உள்ளேயே எழுதிவிடும் பழக்கமே அது. இப்பழக்கம் முதற்பாடத்திலேயே விலக்கப்படல் வேண்டும்; பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது நன்றன்று.

கள அலுவலர்க்குப் பழக்கமான ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை ஆராயலாம். மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி ஒரு மண் மாதிரியில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகியவற்றோடு கார அமில நிலை, மின்கடத்து திறன், அங்ககக் கரிமம் என 12 கூறுகள் சோதிக்கப்படுகின்றன. இத்தகைய பதிவுகளைப் பேணுவதற்கு மாணவர் ஒருவர் பயிற்சி நிரல் எழுதுவதாகக் கொள்க. அட்டவணை முறையில் அமைந்த தரவுத்தளத்தில் விவசாயியின் விவரம் ஓர் அட்டவணையிலும், நிலத்தின் விவரம் மற்றோர் அட்டவணையிலும், சோதனை முடிவுகள் வேறோர் அட்டவணையிலும் பிரிந்திருப்பது வழக்கம். ஆவணத் தரவுத்தளத்திலோ ஒரு மாதிரியைப் பற்றிய யாவும், அலுவலகக் கோப்பு ஒன்றில் தாள்கள் சேர்ந்திருப்பதைப் போல, ஒரே ஆவணத்தில் ஒருங்கே அமையலாம். 2009இல் வெளிவந்த மாங்கோடிபி இவ்வகையைச் சேர்ந்தது. அதில் ஓர் ஆவணம் 16 மெகாபைட் அளவு வரை இருக்கலாம். அதனை மேகக் கணிமையில் சேவையாக வழங்கும் அட்லஸ் 2016இல் தொடங்கப்பெற்றது.

இணைப்பு நிகழும் விதம் எளியது. ஜாவா நிரலோடு ‘இயக்கி’ எனப்படும் துணை நிரல் சேர்க்கப்படுகிறது. அதற்கு ‘இணைப்புச் சரம்’ என்னும் ஒரு வரி அளிக்கப்படுகிறது. பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் முகவரி ஆகியன அவ்வரியில் அடங்கியிருக்கும். இயக்கி அம்முகவரியைக் கொண்டு சேவையகங்களைக் கண்டறிந்து, மறைகுறியீடு செய்யப்பட்ட வழியில் அவற்றை அணுகி, கடவுச்சொல்லால் தன் உரிமையை மெய்ப்பிக்கிறது. அதன்பின் ஆவணங்களை எழுதவும் படிக்கவும் இயலும்.

ஆகவே அந்த ஒரு வரியே முழுத் திறவுகோல் எனலாம். அது நிரலுக்குள் எழுதப்படின், நிரல் செல்லும் இடமெல்லாம் திறவுகோலும் செல்லும். மாணவர் தம் நிரலைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் பகிர்ந்தால், உலகில் எவரும் அதனை எடுத்துக்கொள்ளலாம். பிறகு அவ்வரியை அழித்தாலும் பயன் குறைவே. பழைய பதிப்புகள் களஞ்சியத்தின் வரலாற்றில் நிலைத்திருக்கும். அந்நிலையில் கடவுச்சொல்லையே மாற்றுவதன்றி வேறு பரிகாரம் இல்லை.

அட்லஸ் சேவையில் இரண்டாவது காவலும் உண்டு. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து இணைப்பு வரலாம் என்னும் பட்டியலே அது. ஆனால் இணைப்புக் கிட்டாதபோது, 0.0.0.0/0 என்று குறித்துப் பட்டியலை உலகம் முழுமைக்கும் திறந்துவிடும் வழக்கம் பரவியுள்ளது. பிழைச் செய்தியைப் படித்தறியும் பயிற்சி இல்லாமையே இதற்குக் காரணம். கடவுச்சொல் தவறாயின், உரிமை மெய்ப்பிக்கப்படவில்லை என்று இயக்கி அறிவிக்கும். கடவுச்சொல்லில் @ என்னும் குறி இருந்து, அது %40 என மாற்றி எழுதப்படாவிடில், இணைப்புச் சரமே பிழையாகிவிடும். முகவரி பட்டியலில் இல்லையெனில், இயல்பான அமைப்பில் 30 விநாடி காத்திருந்தபின் காலம் கடந்தது என்ற செய்தி வரும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பிழையுள்ள இடத்தை மட்டும் திருத்துவார். வாயிலை முழுவதும் திறக்கமாட்டார். வகுப்பில் சோதனைக்காக அனுமதி தேவைப்படின், குறித்த காலத்தில் தானே நீங்கும் தற்காலிக அனுமதியை அமைக்கும் வசதியும் அச்சேவையில் உள்ளது.

வாயில் திறந்து கிடப்பின் விளைவு யாதென்பதற்கு முன்னுதாரணம் உண்டு. பயன்படுத்துவோர் தாமே நிறுவி, கடவுச்சொல்லும் இன்றி இணையத்தில் விட்டிருந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் பல்லாயிரம் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாக்குதலுக்கு உள்ளாயின. தரவுகளை அழித்துவிட்டு, மீட்டுத்தரப் பணம் வேண்டும் என்ற குறிப்பு அவற்றில் விடப்பட்டது. கடவுச்சொல் வெளிப்பட்டு முகவரிப் பட்டியலும் திறந்திருக்கும் தரவுத்தளத்தின் நிலை அவற்றினும் மேலானதென்று கூற இயலாது.

தொடக்க நிலை மாணவருக்கு இவற்றையெல்லாம் கூறுவது சுமையாகும் என்பர் சிலர். முதலில் இணைப்பு வெற்றி பெறட்டும், காவல் பின்னர் வரட்டும் என்பது அவர்தம் வாதம். மாணவரின் ஊக்கம் குன்றலாகாது என்னும் அவர்களது கவலை மதிக்கத்தக்கதே. எனினும், கடவுச்சொல்லை நிரலுக்கு வெளியே, கணினியின் சூழல் மாறி ஒன்றில் வைத்து, அதனை ஜாவா நிரல் படித்துக்கொள்ளச் செய்வதற்கு வேண்டுவது ஒரே ஒரு வரிதான். ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைக் கையாளும் முறையை முதல் நாளிலேயே கற்பிக்கும் ஆசிரியர், இவ்வொரு வரியைப் பிற்பாடு என்று தள்ளிவைக்க நியாயம் இல்லை.

கள அலுவலர்களின் நிலையில் மற்றொன்றும் கருதத்தக்கது. அவர்கள் கைபேசி வழியே இணையத்தை அணுகுவதால் ஐ.பி. முகவரி அடிக்கடி மாறும். அதனைப் பட்டியலில் நிலையாகச் சேர்க்க இயலாது. மேலும், கைபேசிச் செயலியினுள் மறைத்து வைத்த கடவுச்சொல்லை, செயலியைப் பிரித்துப் பார்ப்பவர் கண்டுகொள்ளலாம். ஆதலின், கைபேசி நேரே தரவுத்தளத்தை அணுகலாகாது. நிலையான முகவரியுள்ள சேவையகம் ஒன்றில் ஜாவா நிரல் இயங்க வேண்டும். அலுவலர் தம் சொந்தக் கணக்கால் அந்நிரலை அணுக, அது மட்டுமே தரவுத்தளத்தை அணுகும். அந்நிரலுக்கும் வேண்டிய தொகுப்பில் படிக்க எழுத மட்டும் உரிமை போதும். நிர்வாகியின் முழு அதிகாரம் தேவையில்லை.

பதிவேட்டில் உள்ளவை வெறும் எண்கள் அல்ல. விவசாயியின் பெயரும், ஊரும், நிலத்தின் இருப்பிடமும் நம்பிக்கையின்பேரில் ஒப்படைக்கப்பட்டவை. தனிநபர் தரவுகளைக் கையாள்வோர் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளால் அவற்றைக் காத்தல் கடமை என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது.

எனவே, செய்முறைத் தேர்வில் இணைப்பு வெற்றி பெற்றதா என்பதை மட்டும் நோக்கி மதிப்பெண் வழங்கும் முறை மாறவேண்டும். கடவுச்சொல் உள்ளே எழுதப்பட்ட நிரல், செவ்வனே இயங்கினும், முழுமை பெறாததாகவே கொள்ளப்படல் வேண்டும். புதிய மென்பொருளைப் பெறும் கள அலுவலகங்களும் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் நலம்: கடவுச்சொல் எங்கே வைக்கப்பட்டுள்ளது? எம்முகவரிகளுக்கு அனுமதி உண்டு? பொறுப்பிலிருந்தவர் மாற்றலாகிச் சென்றால் கடவுச்சொல்லை மாற்றுபவர் யார்? இவற்றுக்குத் தெளிவான விடை கிட்டிய பின்னரே முதல் விவசாயியின் பெயர் அதில் பதியப்பட வேண்டும்.