அயலவர் கண்ட டோக்கியோ

ஒரு நகரின் பெருமையை அளத்தற்கு அதன் மாட மாளிகைகளை எண்ணுவது ஒரு முறை. அதன் வாணிக வளத்தைக் கணக்கிடுவது மற்றொரு முறை. இவ்விரண்டினும் சிறந்த முறை ஒன்று உண்டு. அந்நகரின் மொழி அறியாதவன், உற்றார் இல்லாதவன், வழி தெரியாதவன் அதன் தெருவில் வந்து நிற்கும்போது அவனுக்கு யாது நேர்கின்றது என்று காண்பதே அம்முறை. ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்த்தல் பயனுடைத்து. 2024ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டைக் காண வந்த அயல்நாட்டார் 3 கோடியே 68 இலட்சத்திற்கு மேற்பட்டோர். அவர்களுட் பலர் டோக்கியோவின் தெருக்களில் நடந்தவர்களே.

அங்ஙனம் வந்தவர் முதலில் திகைப்பது தெருக்களைக் கண்டேயாம். அங்குப் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. பேட்டைக்கு ஓர் எண், அதனுள் அடங்கிய மனைத்தொகுதிக்கு ஓர் எண், அத்தொகுதியில் உள்ள கட்டடத்திற்கு ஓர் எண் என மூன்று எண்களால் அமைவதே முகவரி. பிறந்து வளர்ந்தவரும் சில வேளைகளில் வழி மயங்குவர் எனின், அயலவர் நிலையைக் கூறவும் வேண்டுமோ? இக்குறையை நிறைவு செய்வது ‘கோபன்’ என்னும் சிறு காவல் மனை. தெருமுனைகளிலும் நிலைய வாயில்களிலும் அது விளங்கும். அங்குள்ள காவலர் அப்பகுதியின் படத்தைக் காட்டி, வினவியவர்க்கு வழி கூறுவர். கள்வரைப் பிடித்தல் மட்டுமே காவலர் கடமை அன்று. வழி தவறியவரை வழிப்படுத்தலும் அவர்தம் கடமையே என்பதை அச்சிறு மனை உணர்த்துகின்றது.

அடுத்துத் திகைப்பூட்டுவது தொடர்வண்டி நிலையம். ஷின்ஜுக்கு நிலையத்தில் நாள்தோறும் 25 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் ஏறி இறங்குகின்றனர். அதற்கு 200க்கு மேற்பட்ட வாயில்கள் உள்ளன. அப்பெருங்கடலில் மொழி அறியாதவன் கரை காண்பது எங்ஙனம்? 1964ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விளையாட்டு அந்நகரில் நடைபெற்றபொழுதே இவ்வினாவிற்கு விடை தேடினர். எழுத்தறியாதாரும் உணர்ந்துகொள்ளும் வண்ணம் பல்வகைப் படக்குறிகளை ஒழுங்குற அமைத்தனர். 2004ஆம் ஆண்டு முதல் சுரங்க வண்டி நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் வழங்கினர். கின்சா தடத்தில் ஷிபுயா நிலையம் ‘ஜி 1’. மறுமுனையாகிய அசகுசா நிலையம் ‘ஜி 19’. ஒன்று முதல் பத்தொன்பது வரை எண்ணத் தெரிந்தவன் அத்தடத்தில் வழி தவறான்.

உண்டிச் சாலைகளிலும் இத்தகைய வாய்ப்பு உண்டு. பல கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் உணவு வகைகளின் உருவங்கள் மெய்யானவை போலவே செய்து வைக்கப்பட்டிருக்கும். பெயர் அறியாதவன் விரலாற் சுட்டி வேண்டியதைப் பெறலாம். வேறு சில கடைகளில் பொறியில் காசு இட்டுச் சீட்டுப் பெற்று, அதனைக் கொடுத்து உண்ணலாம். உண்டவர் மனம் மகிழ்ந்து பணியாளர்க்குத் தனியே காசு வைத்துச் செல்வாராயின், அவர் அதனை மறந்து சென்றார் எனக் கருதிப் பணியாளர் பின்தொடர்ந்து கொடுப்பதும் உண்டு. செவ்வையாகப் பணி செய்தல் கடமை. கடமைக்குத் தனிக் கையுறை வேண்டா என்பது அவர்கள் கொள்கை.

பயணிகள் பெரிதும் வியந்து கூறுவது இழந்த பொருள் மீண்டு வருதலையே. 2018ஆம் ஆண்டில் டோக்கியோ நகரக் காவல் துறையிடம் மக்கள் கண்டெடுத்து ஒப்படைத்த பொருள்கள் ஏறத்தாழ 41 இலட்சம். பணமாக வந்தது 380 கோடி யென்னுக்கு மேல். அதில் நான்கில் மூன்று பங்களவு உரியவர் கையைச் சேர்ந்தது. பணப்பை இழந்து கலங்கிய அயலவர், மறுநாள் அதனைக் குறைவின்றிப் பெற்று மகிழ்தல் அங்கு அரிய செய்தி அன்று.

இவற்றையெல்லாம் கண்டவர், “ஜப்பானியர் பிறவியிலேயே நேர்மையர்” என்று கூறிவிடுகின்றனர். இக்கூற்று புகழுரை போலத் தோன்றினும் உண்மையன்று. அந்நகரிலும் தீயோர் உளர். நெரிசல் மிக்க வண்டிகளில் மகளிர்க்குத் தீங்கு இழைப்போர் உளராதலின், மகளிர்க்கெனத் தனிப் பெட்டிகள் ஓடுகின்றன. ஆகவே நேர்மைக்குக் காரணம் பிறவி அன்று; பயிற்சியும் அமைப்புமே ஆகும். கண்டெடுத்த பொருளை ஒப்படைக்கக் காவல் மனை அண்மையில் உள்ளது. ஒப்படைத்தவர்க்கு அதன் மதிப்பில் நூற்றுக்கு 5 முதல் 20 வரை பெறும் உரிமையைச் சட்டம் வழங்குகின்றது. மூன்று திங்களுள் உரியவர் வாராராயின், அப்பொருள் பெரும்பாலும் கண்டெடுத்தவர்க்கே உரியதாகும். பள்ளிகளிலோ தம் வகுப்பறையை மாணவர் தாமே பெருக்கித் துடைக்கின்றனர். பொது இடம் பிறருடையது அன்று, தம்முடையதே என்னும் எண்ணம் துடைப்பத்தோடு சேர்ந்து அவர்கள் கையில் ஏறுகின்றது. பிறவிக் குணம் என்று கூறிவிட்டால் ஏனையோர் கற்றற்கு ஒன்றும் இல்லை. பயிற்சி என்று அறிந்தால் எந்நாட்டவரும் அதனைக் கற்கலாம்.

குறை கூறும் பயணிகளும் உளர். “இவ்வளவு தூய நகரில் குப்பைத் தொட்டி ஒன்றும் காணோமே” என்று அவர்கள் சலித்துக்கொள்வர். அதற்குக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், கொடியோர் சிலர் சுரங்க வண்டிகளில் நச்சுக் காற்றைப் பரப்பினர். உயிர்கள் மாண்டன, ஆயிரக்கணக்கானோர் ஊறுபட்டனர். அதன்பின் நிலையங்களிலும் பொது இடங்களிலும் இருந்த தொட்டிகள் பல அகற்றப்பட்டன. மக்கள் தம் குப்பையைப் பையிலிட்டு வீட்டிற்கு எடுத்துச் செல்லப் பழகினர். இதனை அறியாது தெருவில் எறிந்து செல்லும் விருந்தினன், தனக்கு உதவிய ஊருக்கே தீங்கு செய்தவன் ஆவான். வண்டியில் உரத்துப் பேசாமையும், நகரும் படிக்கட்டில் இடப்புறம் ஒதுங்கி நிற்றலும் அவ்வூர் வழக்கு. விருந்தோம்பல் வீட்டார்க்கு மட்டும் உரிய அறம் அன்று. விருந்தினர்க்கும் அதிற் பங்கு உண்டு.

இனி, இவ்வளவுகோலின் கடினமான பகுதி ஒன்று உளது. சில நாள் தங்கிச் செல்வோனுக்கு இன்முகம் காட்டுதல் எளிது. அயலவன் அண்டை வீட்டானாக வரும்போது காட்டும் முகமே உண்மை முகம். 1915ஆம் ஆண்டில் இந்திய விடுதலை வீரர் ராஷ் பிகாரி போஸ் அடைக்கலம் நாடி டோக்கியோ சென்றார். அவரை வெளியேறுமாறு ஜப்பானிய அரசு ஆணையிட்டது. ஷின்ஜுக்குவில் நகமுராயா என்னும் ரொட்டிக் கடை நடத்திய சோமா தம்பதியர் அவரை மறைத்துக் காத்தனர். பின்னர்த் தம் மகளையும் மணம் செய்து கொடுத்தனர். ஆயினும் அதே நகரில், 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெரு நிலநடுக்கத்தின்பின், கொரியர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்னும் பொய்யுரை பரவியது. அதனை நம்பிய கூட்டத்தார் டோக்கியோவிலும் சுற்றுப்புறங்களிலும் ஆயிரக்கணக்கான கொரியரைக் கொன்றனர். அது கடந்த காலக் கொடுமை. எனினும், 2017ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதித் துறை வெளியிட்ட ஆய்வில், வாடகை வீடு தேடிய அயல்நாட்டாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் அயலவர் என்னும் காரணத்தால் மறுக்கப்பட்டதாகக் கூறினர். பணப்பையைத் திருப்பித் தரும் கை, கதவைத் திறக்கத் தயங்குவதும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

ஆகவே ஒழுங்கு வேறு, அன்பு வேறு. ஒழுங்கு வழிகாட்டும், அன்பு இடங்கொடுக்கும். வழிகாட்டும் கலையில் டோக்கியோ உலகிற்கு ஆசானாக விளங்கத் தக்கது. இடங்கொடுக்கும் அறத்தில் எல்லா நகரங்களையும் போல அதுவும் இன்னும் கற்கும் மாணாக்கனே. ஆணையையும் அஞ்சாது அயலவனைக் காத்தோரும், பொய்யுரை கேட்டு அயலவனைக் கொன்றோரும் ஒரே நகரத்து மக்கள். இவ்விரு வழிகளும் எந்த ஊரின் முன்னும் என்றும் திறந்தே கிடக்கின்றன. தன் ஊர்த் தெருவில் வழி அறியாது ஒருவன் நிற்கக் காணும் மாணவன், தான் எவ்வழியில் நடப்பது என்பதை அப்பொழுதே தெரிந்தெடுக்கின்றான்.