பென்னிகுயிக் என்னும் பெயர்

குமுளி மலையிலிருந்து இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கினுள் புகுவோர் ஒரு பெயரைக் காணாமற் செல்ல இயலாது. கடைகளின் பலகையிலும், தேனிப் பேருந்து நிலையத்தின் முகப்பிலும், உழவர் இல்லங்களில் மாட்டிய படங்களின் அடியிலும் ‘பென்னிகுயிக்’ என்னும் பெயர் விளங்குகின்றது. அப்பெயரைத் தம் மைந்தர்க்கு இட்டு அழைக்கும் பெற்றோரும் அங்கு உளர். முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டியவர் அவர் என்பதை யாவரும் அறிவர். அப்பெயரின் பொருளை அறிந்தவர் சிலரே. அதனை இத்திங்கள் ஆராய்வோம். நம் பிள்ளைகளின் பெயருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

ஆங்கிலேயரிடத்தும் ஆதியில் குடும்பப் பெயர் என்பதொன்று இருந்ததில்லை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், நிலமும் வரியும் வாரிசுரிமையும் ஏட்டில் எழுதப்பெற்றன. ஓர் ஊரில் ஜான் என்பார் பலர் இருப்பின் எந்த ஜான் எனக் குறித்தாக வேண்டுமன்றோ? கொல்லன் ‘ஸ்மித்’ ஆனான்; ஜானின் மகன் ‘ஜான்சன்’ ஆனான்; குன்றின் அருகில் குடியிருந்தோன் ‘ஹில்’ ஆனான். தொழில், தந்தை, இருப்பிடம், பட்டப்பெயர் ஆகிய இந்நான்குமே பெரும்பாலான ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் ஊற்றுக்கண். இன்று கம்பீரமாக ஒலிக்கும் பெயர்கள் பல, அன்று எழுத்தன் ஒருவன் அடையாளத்திற்காகக் குறித்த குறிப்புகளேயாம்.

பென்னிகுயிக் என்பது ஊர்ப்பெயர் வகையைச் சார்ந்தது. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், வடக்கு எஸ்க் ஆற்றின் கரையில் ‘பெனிகுக்’ என்னும் சிற்றூர் உள்ளது. 1709-இல் அங்கே காகித ஆலை தோன்றியது; பின்னர் நெடுங்காலம் அவ்வூர் காகிதத்திற்குப் பெயர்பெற்று விளங்கிற்று. ஊரின் பெயரோ ஆங்கிலச் சொல்லன்று. ஆங்கிலம் அந்நாட்டை எட்டுமுன் அங்கு வழங்கியது வேல்ஸ் மொழிக்கு உறவான ஒரு பழமொழி. அதில் ‘பென்’ என்றால் தலை அல்லது குன்று. ‘கோக்’ என்றால் குயிலினப் பறவை. ஆகவே ‘குயிற்குன்று’ என்பதே அப்பெயரின் பொருளாம். அதனைப் பேசிய மக்களின் மொழி அவ்விடத்தில் மறைந்தது; ஊர்ப்பெயர் மட்டும் எஞ்சியது. அவ்வூரை உடைமையாகக் கொண்ட குடும்பத்தார் அதனையே தம் பெயராகச் சூடினர்.

எழுத்திலும் ஒருமை இருந்ததில்லை. ஊருக்கு ஓர் எழுத்து, குடும்பத்திற்கு வேறோர் எழுத்து, அதன் கிளைகளுக்கு மற்றுமோர் எழுத்து என அது பல உருக்கொண்டது. எழுதுவது எவ்வாறாயினும் அவர்கள் ஒலிப்பது பெரும்பாலும் ‘பென்னிகுக்’ என்றே. நம் நாட்டார் எழுத்தைக் கண்டு ‘பென்னிகுயிக்’ என வாசித்தனர், அதுவே நிலைபெற்றது.

அப்பெயர் நம் நாட்டுக்கு வந்தது படையுடன். நம் கர்னல் ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15-ஆம் நாள் புனேயில் பிறந்தார். அவர் தந்தை, படைத்தலைவர், 1849 ஜனவரி 13-ஆம் நாள் பஞ்சாபில் நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் வீழ்ந்தார். உடனிருந்த தமையனும் அங்கேயே மாண்டார். எட்டாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னரே அச்சிறுவன் தந்தையையும் தமையனையும் இழந்தான். பின்னாளில் அவனே பொறியாளனாகிச் சென்னை மாகாணத்தில் பணியேற்றான். மேற்கே கடலை நோக்கிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, வறண்ட வைகைப் படுகைக்கு நீரைத் திருப்பினான். 1895 அக்டோபர் 10-ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு அப்பணியைத் தொடங்கி வைத்தார். வெள்ளத்திலும் காய்ச்சலிலும் அம்மலையில் மாண்ட கூலியாட்கள் பலர். அவர்கள் பெயரைத் தாங்கிய பேருந்து நிலையம் எதுவும் இல்லை. பெயர் நிற்பதும் மறைவதும் ஏட்டில் எழுதப்படுவதைப் பொறுத்தது போலும்!

நிற்க. வாளையார் எல்லையைக் கடந்து பாலக்காட்டிலும், மலையேறி இடுக்கியிலும் குடியேறிய நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலையெழுத்து. அது குறையன்று. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. அந்நெறி தமிழகத்தில் வேரூன்றியதால் பெயரைக் கேட்டுச் சாதி அறிய இயலாத நிலை பெருமளவில் உண்டாயிற்று. அது நாம் பெற்ற பேறு.

ஆயினும் உலகத்துப் படிவங்களில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் உண்டு. அதனை வெறுமையாக விட்டோர் இடருற்றனர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா, வருகை விசாவில் வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தது. கடவுச்சீட்டின் பிற்பக்கத்தில் தந்தை பெயர் இருப்பின் ஏற்பதாகப் பின்னர்த் தெளிவுறுத்திற்று. இத்தகைய நெருக்கடியில் சிலர் பாட்டன் துறந்த சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்து அக்கட்டத்தை நிரப்புகின்றனர். அது வேண்டா என்பதே நம் வேண்டுகோள்.

தந்தை பெயரை முழுமையாக விரித்தெழுதுங்கள். கருப்பையா மகன் முத்துவேல் எனின், ‘முத்துவேல்’ இயற்பெயர்க் கட்டத்திலும் ‘கருப்பையா’ குடும்பப் பெயர்க் கட்டத்திலும் அமையட்டும். ‘ஜான்சன்’ பிறந்த முறையும் இதுவேயன்றோ? ஊர்ப்பெயர் வேண்டுவோர் விட்டு வந்த ஊரின் பெயரைக் குழந்தையின் பிறப்புச் சான்றிலேயே சேர்த்துப் பதிந்து கொள்ளலாம். பென்னிகுயிக் குடும்பம் செய்ததும் அதுவே. மணம் முடித்த பெண் கணவன் பெயரை ஏற்றே தீரவேண்டும் என்ற சட்டமும் இந்நாட்டில் இல்லை.

இரயில்வே அலுவலில் பெயர்ப் பட்டியல்களோடு பழகும் நாம் மேலும் ஒன்று கூறுவோம். பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு, ஆதார், கடவுச்சீட்டு ஆகிய நான்கிலும் ஆங்கில எழுத்துகள் ஒன்றேபோல் இருத்தல் வேண்டும். பழைய ஸ்காட்லாந்துக் குடும்பம் தன் பெயரை விரும்பியவாறெல்லாம் எழுதியது, அன்று கேட்பாரில்லை. இன்று ஓரெழுத்து மாறினும் விமான நிலையத்தில் விடை கூற நேரும்.

ஆகவே குழந்தை பிறந்த வீட்டார், பதிவாளர் அலுவலகத்திற்குச் செல்லுமுன் பெயரையும் அதன் எழுத்துகளையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, வீட்டிலுள்ள பெரியோரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுச் செல்வாராக.