மைனஸ் முப்பதில் ஒரு வசனம்

சத்தத்தை மைனஸ் முப்பதில் வை என்று ஒரு பெட்டி சொன்னால் அதை யாரிடம் போய் முறையிடுவது? "ஏம்பா, மைனஸ்னா சத்தமே இல்லாததைவிடக் கம்மியா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பெட்டியின் கணக்கு வேறு. தியேட்டருக்காகப் படத்தின் ஒலியைக் கலக்குகிறவர்கள் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 85 டெசிபெல் என்று ஓர் அளவு வைத்துக்கொண்டு கலக்குகிறார்கள்; வெடிச்சத்தம் 105 வரை ஏறும். அந்தத் தியேட்டர் அளவுதான் இதற்குப் பூஜ்யம். அதைவிட நாம் எவ்வளவு குறைத்து வைத்துக் கேட்கிறோம் என்பதை மைனஸ் போட்டுக் காட்டுகிறது. எங்கள் கூடத்தில் மைனஸ் முப்பதுக்கு மேல் ஏற்றினால் பாட்டு வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். முப்பதிலேயே விட்டால் கதாநாயகன் என்ன பேசினான் என்பது அவனுக்கும் டைரக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

என் ஆதங்கம் மொத்தமும் இவ்வளவுதான். பக்கம் பக்கமாக செட்டிங்ஸ் கொடுத்திருக்கிறார்கள், வசனம் கேட்கவில்லை.

ஹோம் தியேட்டர் ரிசீவர் என்கிற இந்தப் பெட்டியை நான் போய் வாங்கவில்லை. பாரிஸிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. புதுச்சேரியில் இது அதிசயமில்லை. 1954-இல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்து, 1962-இல் சட்டப்படியும் எல்லாம் முடிந்த பிறகும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் லீவுக்கு வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். வழக்கமாக சென்ட்டும் சாக்லேட்டும் வரும். இந்த முறை இது வந்தது. அங்கேயும் இங்கேயும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படவில்லை. பிளக்தான் நம் சாக்கெட்டில் லொடலொடவென்று ஆடுகிறது. கூடவே வந்த புத்தகம் பிரெஞ்சில் இருந்ததால் பெரியப்பாவிடம் கொடுத்தோம். அவர் சொல்தா; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் படிச்சாச்சு. இதில் நாம என்ன செய்யணும்னுதான் எழுதல" என்றார்.

முதல் வேலை மைக். நீண்ட ஒயரில் ஒரு குட்டி மைக் வருகிறது. அதைச் சோஃபாவில், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் நிறுத்தி பட்டனை அழுத்தினால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறைபோட்டு 'உய்ங்' என்று கத்தும். எந்த ஸ்பீக்கர் எவ்வளவு தூரம், அறை எந்த ஒலியைத் தூக்குகிறது, எதை விழுங்குகிறது என்று பெட்டியே கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஓரிடம் போதாது, ஆறு, எட்டு இடங்களில் மைக்கை நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அறை நிசப்தமாக இருக்கணும்.

நிசப்தத்துக்கு நான் எங்கே போவேன்? மிஷன் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. காலையில் சம்பா கோவில் மணி. அது ஓய்ந்தால் மீன்காரம்மா. ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் சந்தில்தான் வண்டியை நிறுத்திவிட்டு, எடுக்கும்போது ஆளுக்கொரு தரம் ஹார்ன் அடிக்கும். ஆடி மாதம் வந்தால் அம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கர். அதற்கு எந்த மைக்கும் அளவு சொல்லாது. வீடோ பழைய காலத்து முற்றம் வைத்த வீடு, கூடத்துக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாது. தெருச் சத்தம் அந்த வழியாகச் சாவகாசமாக உள்ளே வரும். கனத்த ஒலிக்கென்று தனியாக இருக்கிற ஊஃபர் எழுப்புவது அதே வழியாக வெளியே போகும். மே மாதத்துப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்து ஒழுக நின்றால், எங்கோ ஒரு காக்கா கத்தியதற்கு, சுற்றுப்புறச் சத்தம் அதிகம், மீண்டும் முதலிலிருந்து ஆரம்பி என்கிறது. எல்லாரும் தூங்கின பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றால், பெட்டி போடுகிற 'உய்ங்' சத்தத்துக்குத் தெருநாய் அத்தனையும் பதில் சொல்கிறது.

அளந்து முடித்துச் சொல்கிற பதிலாவது புரிகிறதா? ஊஃபர் சோஃபாவிலிருந்து மூன்று மீட்டர். பெட்டி ஐந்தரை மீட்டர் என்கிறது. கூடத்தின் நீளமே அவ்வளவு கிடையாது. கேட்டால், அது சரிதானாம். ஊஃபருக்குள் இருக்கும் ஆம்பும் ஃபில்டரும் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்துகின்றன. ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் மூன்று மில்லிசெகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தையும் தூரமாக மாற்றி எழுதியிருக்கிறது, அதன்மேல் கை வைக்கக்கூடாது. சரி, அங்கேயே ஒரு வரி அப்படிப் போட்டால் என்ன குறைந்துபோகும்? இன்னொரு பக்கம், முழங்கை நீளம்கூட இல்லாத முன் ஸ்பீக்கர்களைப் பார்த்து 'லார்ஜ்' என்று எழுதிக்கொண்டது. இங்கே மட்டும் கை வைக்க வேண்டுமாம். 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால்தான் அதற்குக் கீழே உள்ள கனத்த ஒலி ஊஃபருக்குப் போகும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை மட்டும் பெட்டி வாய் திறந்து சொல்லாது.

சித்தப்பா கையோடு கொண்டுவந்த அட்மாஸ் ஸ்பீக்கர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பரில் 'சிவாஜி' முப்பரிமாணமாகத் திரும்பி வந்தபோது தியேட்டரில் கேட்ட அதே டால்பி அட்மாஸ்தான். வீட்டில் மேலே ஸ்பீக்கர் மாட்ட முடியாதவர்களுக்காக, கீழேயிருந்து ஒலியை மேல்தளத்தில் அடித்துத் திருப்புகிற வகை இது. அதற்குத் தளம் தட்டையாக, 14 அடிக்கு மேற்படாமல் இருக்கணும். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ், வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். மழைச் சத்தம் தலைக்கு மேல் கேட்கணும் என்றால் மழைதான் பெய்யணும்.

வசனத்துக்கு வருகிறேன். 5.1 படத்தில் பேச்சு பெரும்பாலும் நடுவில் இருக்கிற சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். தியேட்டர் அளவில் கேட்டால் பேச்சும் சண்டையும் பொருந்தித்தான் இருக்கும். மொத்தத்தையும் முப்பது டெசிபெல் இறக்கினால் பேச்சு ஃபேன் சத்தத்துக்குக் கீழே போய்விடுகிறது. சண்டை மட்டும் மேலே நிற்கிறது. ஆகவே பேசும்போது ஏற்று, அடிக்கும்போது இறக்கு, பாட்டுக்கு இன்னும் இறக்கு என்று படம் முழுக்க ரிமோட் கையைவிட்டு இறங்குவதில்லை. இதற்கு மருந்து பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். டைனமிக் கம்ப்ரஷன் என்று ஒன்று, டைனமிக் வால்யூம் என்று ஒன்று, டைனமிக் ஈக்யூ என்று ஒன்று. முதல் இரண்டும் பெரிய சத்தத்தைத் தட்டி, சின்னச் சத்தத்தைத் தூக்கும். மூன்றாவது, குறைந்த சத்தத்தில் கேட்கிறோமே என்று இரக்கப்பட்டு ஊஃபரையும் பின்னால் இருக்கிற ஸ்பீக்கர்களையும் ஏற்றிவிடும். மிச்சம் மீதி இருந்த வசனமும் அதில் மூழ்கிப்போகும். மூன்றுக்கும் முதல் பெயர் ஒன்று, செய்கிற வேலை எதிரும் புதிருமாக. அந்த மூன்றாவதுதான் மைக் வைத்து அளந்து முடித்ததும் தானாக ஆன் ஆகிவிடுகிறது. அதைக் கொஞ்சம் அடக்க 5, 10, 15 என்று ஒரு எண் தனியாக வேறு மெனுவில் இருக்கிறது. டைனமிக் கம்ப்ரஷனோ டால்பி மாதிரியான ஒலியோடு படம் ஓடிக்கொண்டிருந்தால்தான் மெனுவிலேயே தென்படும். பந்தியில் உட்கார்ந்தால்தான் இலை போடுவேன், இலை போட்டால்தான் பந்தி என்கிற கதை. அதைத் தேடுவதற்குள் இங்கே இடைவேளை வந்துவிடும்.

சரி, பெட்டியை வழிக்குக் கொண்டுவந்தாலும் டிவி விடுமா? டிவியில் ஓடுகிற ஆப்பின் ஒலி பெட்டிக்கு வரவேண்டும் என்றால், டிவியின் பின்னால் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிற ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. ஓட்டையில்தான் ஒயரைச் சொருகணும். கூடவே இரண்டும் பேசிக்கொள்வதற்கான சி.இ.சி.யை ஆன் செய்யணும். சி.இ.சி. என்கிற பெயரில் மட்டும் அது பல டிவிகளில் இருக்காது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதற்குப் பிறகும் டிவியின் ஒலி வெளியீடு பி.சி.எம். என்று இருந்தால், வீட்டில் ஐந்து ஸ்பீக்கர் இருந்தாலும் வருவது ஸ்டீரியோதான். இத்தனையும் சரியாக அமைந்த அன்றைக்குக் கரண்ட் ஒரு தரம் போய் வரும். டிவிக்கும் பெட்டிக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, கொஞ்ச நேரம் காத்திருந்து, எதை முதலில் சொருகணும் என்று வீட்டில் ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்வார்கள்.

ஒலி முந்தி, படம் பிந்தி வந்தால் சரிசெய்ய மில்லிசெகண்ட் கணக்கில் ஒரு செட்டிங் உண்டு. நம் வீட்டில் ஓடுவதில் பாதி தெலுங்கு டப்பிங். வாய் ஏன் ஒட்டவில்லை என்று பெட்டியையும் குறை சொல்ல முடியாது, டப்பிங்காரரையும் குறை சொல்ல முடியாது. நடுவில் ஊஃபரில் எந்நேரமும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கேபிள் டிவி ஒயரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. அந்த ஒயர் வழியாக வேறொரு எர்த் வீட்டுக்குள் வந்து சுற்றுகிறதாம். ஒயரைக் கழற்றினால் இரைச்சல் போகும், சீரியலும் போகும். அம்மா இரைச்சலோடேயே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

இப்போதைக்கு சென்டரை நாலு டெசிபெல் ஏற்றி, டைனமிக் ஈக்யூவை அடக்குகிற எண்ணை 15 ஆக்கி, டைனமிக் வால்யூமை 'மீடியம்' என்று வைத்ததில் ஓரளவு பேச்சு கேட்கிறது. அதையும் சித்தப்பா பேரன்கள் வந்தால் ரிமோட்டை நோண்டி, எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருகிற மாதிரி ஆக்கிவிட்டுப் போகிறார்கள். செட்டிங்ஸைப் பூட்டிவைக்க வழி உண்டு என்று பெரியப்பாதான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கண்டுபிடித்துச் சொன்னார். பூட்டினேன். பசங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த படத்தில் வசனம் இன்னும் தணிந்து வந்தது. சென்டரை இன்னும் இரண்டு ஏற்றலாம் என்று போனால், முடியாது, பூட்டியிருக்கிறது என்றது பெட்டி. "திறக்கறது எப்படின்னு அதே பக்கத்தில் போட்டிருக்கான், இரு, கண்ணாடி எங்க?" என்று பெரியப்பா தேட ஆரம்பித்தார்.