உள்ளங்கை அகலத்தில் ஒரு செல்லம்... சிலந்தி வளர்ப்பவர்களின் உலகம்!

சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒருவர் அலறுவார், இன்னொருவர் விளக்குமாற்றைத் தேடுவார். ஆனால், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் இதே பூச்சியின் குஞ்சைக் காசு கொடுத்து வாங்கி, பெயர் வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாய், பூனை, மீன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்த வாரம் சிலந்தி!

டாரன்டுலா வேறு, இது வேறு

செல்லச் சிலந்தி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த டாரன்டுலா. அதன் நச்சுப் பற்கள் மேலிருந்து கீழாகக் குத்தும். மற்ற பெரும்பாலான சிலந்திகளின் பற்களோ இடுக்கி மாதிரி இரு பக்கமிருந்தும் வந்து கவ்வும். இந்த இரண்டாவது வகையைத்தான் 'ட்ரூ ஸ்பைடர்' என்கிறார்கள். இதுவரை பெயரிடப்பட்ட 50,000-க்கும் அதிகமான சிலந்தி இனங்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இவற்றில் பெரிய உருவம் கொண்டவற்றுக்குத் தனி மவுசு. லாவோஸில் வாழும் ராட்சத ஹன்ட்ஸ்மேன் சிலந்தி 2001-ல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. கால்களை விரித்தால் 30 செ.மீ. வரை இருக்கும். அதாவது, பள்ளிக்கூட ஸ்கேலின் நீளம்! நம் வீட்டுச் சுவரில் ஓடும் பழுப்பு ஹன்ட்ஸ்மேனும், மத்திய அமெரிக்காவில் வாழைகளில் பதுங்கும் குப்பியென்னியஸ் சிலந்தியும் சுமார் 10 செ.மீ. வரும். வளர்ப்பவர்கள் இவற்றையும் விரும்புகிறார்கள்.

குஞ்சு வளர்ப்பது எப்படி?

ஹன்ட்ஸ்மேனின் ஒரு முட்டைப் பையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளியே வரும். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். ஒரே டப்பாவில் விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால், ஆளுக்கொரு மூடி போட்ட சின்னக் கப். மூடியில் குஞ்சு நுழைய முடியாத அளவுக்கு நுண்ணிய துளைகள், ஏறி நிற்க ஒரு மரப்பட்டைத் துண்டு, குடிக்க உள்பக்கச் சுவரில் தெளித்த சில நீர்த்துளிகள். இவ்வளவுதான் வீடு.

சாப்பாடு? பறக்க முடியாத பழ ஈக்களை இதற்காகவே வளர்க்கிறார்கள். சிலந்தி கொஞ்சம் பெரிதானதும் சுவர்க்கோழிக் குஞ்சுகள். இரை, சிலந்தியின் உடம்பைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பது பொது விதி.

வளர வளர உயரமான பெட்டிக்கு மாற்ற வேண்டும். அங்கேதான் சவால். டாரன்டுலாவைப் போல ஆற அமர நடக்கும் ஆள் இல்லை இது. கண் இமைக்கும் நேரத்தில் கையில் ஏறி, தோளைத் தாண்டி, அலமாரிக்குப் பின்னால் போய்விடும். அதனால், பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துத்தான் கப்பைத் திறக்கிறார்கள்.

சட்டை உரிக்கும் நாள்

சிலந்தியின் மேல்தோல் விரிந்து கொடுக்காது. எனவே வளர வேண்டுமென்றால் பழைய தோலைக் கழற்றியாக வேண்டும். சில நாள்களுக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடும். பிறகு, தலைகீழாகத் தொங்கி, பழைய தோலைப் பிளந்து, எட்டுக் கால்களையும் உறையிலிருந்து உருவுவது போல இழுத்து வெளியே எடுக்கும்.

புதிய உடம்பு அப்போது மிக மென்மையாக இருக்கும். பற்கள்கூடக் கடினமாகியிருக்காது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரு சுவர்க்கோழி இருந்தால், இரையே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடலாம். ஆர்வத்தில் பெட்டியை எடுத்து ஆட்டினாலும் ஆபத்துதான். ஒரு கால் மாட்டிக்கொண்டு அறுந்தால், அது அடுத்தடுத்த தோல் உரிப்பில் மீண்டும் முளைக்கும். ஆனால், உடம்பே மாட்டிக்கொண்டால் உயிர் போய்விடும். எனவே, சும்மா விட்டுவைப்பதுதான் இந்த வளர்ப்பில் முக்கியமான வேலை. கொஞ்சவோ மடியில் வைத்துக்கொள்ளவோ நினைப்பவர்களுக்கு இந்தச் செல்லம் ஒத்துவராது.

முன்கூட்டியே தெரிய வேண்டியது

பெண் டாரன்டுலாக்களில் சில 20 வருடங்கள்கூட வாழும். ஹன்ட்ஸ்மேனுக்கோ மொத்த வாழ்க்கையே ஒன்றரை, இரண்டு வருடம்தான். ஆண் சிலந்தி கடைசியாகத் தோல் உரிக்கும்போது, வாய்க்கு அருகிலுள்ள இரு சிறு உறுப்புகள் குத்துச்சண்டைக் கையுறை போல உப்பியிருக்கும். அதற்குப் பின் அது வளராது. இணையைத் தேடி இரவெல்லாம் அலைந்து, விரைவில் இறந்துவிடும். பெட்டியும் சாப்பாடும் எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. வளர்க்கும் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று சட்டம். 2021-ல் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தபால் பார்சலைச் சுங்கத் துறையினர் பிரித்தபோது, சிறு குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. எல்லாம் டாரன்டுலாக்கள். உரிய இறக்குமதி அனுமதி இல்லாததால் பறிமுதல் செய்தார்கள். எந்த வகைச் சிலந்தியானாலும் அனுமதியின்றி வரவழைக்க முடியாது. பிரேசிலின் 'அலையும் சிலந்தி' போன்ற கொடிய விஷமுள்ளவற்றை வளர்க்க பிரிட்டனிலேயே தனி உரிமம் வேண்டும்.

நம் சுவரிலேயே இருக்கிறது!

ஆசைப்படுபவர்கள் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். பழுப்பு ஹன்ட்ஸ்மேன் வலை பின்னி இரை பிடிப்பதில்லை, துரத்திப் பிடிக்கும். கரப்பான் பூச்சி அதற்கு விருந்து. கையால் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. எட்டுக்கால் பூச்சி மேலே பட்டால் அக்கி வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அக்கிக்குக் காரணம் சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ்தான். கொப்புளம் வந்தால், சிலந்தி மேல் பழி போட்டுவிட்டு நாள் கடத்தாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

வயிற்றுக்குக் கீழே தட்டையான, நாணயம் போன்ற ஒரு பையைச் சுமந்தபடி ஹன்ட்ஸ்மேன் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் முட்டைப் பை. குஞ்சுகள் வெளிவரும் வரை தாய் அதைக் கீழே விடாது. வீட்டுக்குள் வேண்டாம் என்றால், மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, தோட்டத்துப் பக்கம் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.