முதலில் செவிமடுப்போம்

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று கற்பித்தல் தொழில்நுட்ப வடிவமைப்பில் முதுகலை பயில்கிறார். செயலி உருவாக்கக் கற்கச் சென்றவர், முதலில் கேள்வி கேட்கவே கற்றதாகக் கூறினார்.

1975இல் அமெரிக்க இராணுவப் பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் வகுத்த முறையில் ஐந்து படிகள்: பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயற்படுத்தல், மதிப்பீடு. பாடப்பொருள் உருவாவது மூன்றாம் படியில்தான். மாணவருக்கு எது தெரியவில்லை என்று அறிவதே முதற்படி.

நாமோ தலைகீழாகச் செய்கிறோம். எமது மக்தபிலும் திரை வாங்கினோம். ஸீனையும் ஸாதையும் பிள்ளைகள் ஒன்றாகவே ஓதினர். தவறு திரையிலன்று, செவிகொடாத எம்மிடமே இருந்தது.

பெற்றோரே! தஜ்வீத் செயலியைத் தேடுமுன், இன்றிரவு பிள்ளையை ஒரு பக்கம் ஓதச் செய்து கேளுங்கள். தடுமாறும் இடத்திலிருந்து பாடம் தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.