வெள்ளையாகிப் போன முட்டைகள்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சுயதொழில் கடன் எடுத்து, வீட்டுக் கோடியில் சீமெந்துத் தொட்டி கட்டித் தங்கமீன் வளர்க்கிறார். இரண்டு முறையும் முட்டைகள் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்துவிட்டன. கடன் தவணையும் பிந்திவிட்டது. "நாவூறுதான் தங்கச்சி" என்றார்.

சமூகவியல் படித்த எனக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டுதான் போனேன். கருக்கட்டாத முட்டைதான் முதலில் வெள்ளையாகும். அதில் பங்கசு பிடித்து, பக்கத்திலுள்ள நல்ல முட்டைக்கும் பரவும். வெள்ளை முட்டைகளை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும். முட்டை ஒட்டிய நைலோன் நார்க் கட்டை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெற்ற மீனே தின்றுவிடும். காற்றுக் குமிழி மெதுவாக ஓட வேண்டும். மெதிலீன் நீலம் சில துளி விட்டால் பங்கசு கட்டுப்படும்.

அக்காவோ குழாய்த் தண்ணீரை நேரே நிரப்பியிருந்தார்! குளோரின் போக ஒரு நாளாவது திறந்து வைத்த தண்ணீர்தான் நல்லது.

அடுத்த முறை மூன்றாம் நாளே தொட்டிச் சுவரில் ஊசிமுனைக் குஞ்சுகள்.

"சாப்பாடு போடட்டோ?"

"நீந்தத் தொடங்கட்டும் அக்கா. அதுவரை வயிற்றிலுள்ள மஞ்சட்கரு போதும்."

தவணை இன்னும் பாக்கிதான். குஞ்சுகள் வளர வேண்டுமே.